பதினாறு பேர் எழுதிய ஒரே பதில்

அத்தியாயம் 11

சென்ற வாரம் அக்காவைச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் ஒரு நீளக் கவர். அதற்குள் பதினாறு விடைத்தாள்கள். எல்லாத் தாள்களிலும் ஐந்தாம் கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ஒரே மாதிரி முட்டை. ஏழு நாளாக அவளை அப்படியே நிற்க வைத்திருக்கிறீர்களே என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவள் நிற்கவில்லை. அன்று, அதாவது சனிக்கிழமை மாலை, கவரை மடித்து டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு, பாத்திரம் கழுவி, போய்ப் படுத்தாள். தூங்கினாளா என்பது வேறு விஷயம்.

இந்த வாரம்தான் முதல்முறையாக வந்து உட்காருகிறீர்களா? அப்படியானால் ஒரு வார்த்தை. அக்கா என்றால் போதகரின் அக்கா. ஐம்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆலயத்தை ஒட்டிப் போதகருக்கென்று இருக்கும் குருமனையில் தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஏழாம் நாள் ஞாயிறு பள்ளி ஆசிரியை. அந்த ஏழாம் நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ஏழாம் நாளுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வருடாந்திர வேதபாடத் தேர்வின் ஐந்தாம் கேள்வி இது: உலகம் உண்டாகுமுன் கடவுள் எப்படி இருந்தார்? பத்து மதிப்பெண். பதினாறு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒருவர் தவறாமல், ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். 'தனியாக இருந்தார். பேச்சுத்துணைக்கு யாரும் இல்லை. ஆகவே நம்மை உண்டாக்கினார்.' பதினாறில் ஒரு தாளில் மட்டும் கடைசியில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. 'பாவம்.'

தாள் திருத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியில் இருப்பவர். முட்டை போட்டதோடு நிற்காமல் கடிதமும் வைத்திருந்தார். தேவன் திரியேகர் என்பது சபையின் அடிப்படை விசுவாசம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவர் ஒரே தேவனாக அநாதியாய் இருக்க, அவர் தனிமையில் வாடினார் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்திருப்பது பெரும் பிழை. ஆசிரியை இந்த ஞாயிறன்று போதகர் முன்னிலையில் அதைத் திருத்திச் சொல்ல வேண்டும். சொன்னார் என்று போதகர் கையெழுத்திட வேண்டும். தவறினால் வகுப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும். நகல், போதகருக்கு.

இந்த ஞாயிறு எது தெரியுமா? திரித்துவ ஞாயிறு. வருஷத்தின் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளில் போதகர்களைத் திணற வைப்பது இந்த ஒன்றுதான். கிறிஸ்துமஸ் என்றால் தொட்டிலில் குழந்தை இருக்கிறது. ஈஸ்டர் என்றால் திறந்த கல்லறை இருக்கிறது. இந்த நாளுக்கு இருப்பதெல்லாம் ஒன்றும் மூன்றும்தான். அந்த வாரம் பார்த்துப் பல போதகர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், வெளியூரிலிருந்து விருந்தினர் யாராவது பிரசங்கிக்க வருவார்கள். நம் போதகருக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. விருந்தினர்தான் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிய நாலாவது தாளையும் கசக்கிப் போட்டார்.

"டீ கிடைக்குமாக்கா?"

"தர்றேன்." அக்கா டப்பாவை எடுத்தாள். கவர் அங்கே இல்லை.

"நான்தான் எடுத்தேன். படிச்சேன்" என்றார் தம்பி. சபைக்கு அவர் ஐயா. ஆலயத்துக்குள் அக்காவுக்கும் ஐயாதான். அடுப்படிக்குள் மட்டும் அவன்.

அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கொதி வந்ததும் கேட்டாள்.

"நான் என்னடா தப்பா சொல்லிட்டேன்? ஆதியில கடவுள் இருந்தார். வானம் இல்ல, பூமி இல்ல, மனுஷன் இல்ல. அப்ப தனியாத்தானே இருந்தார்?"

"ஒருத்தர்தான் இருந்தார். ஆனா தனியா இல்ல. பிதா, குமாரன், ஆவியானவர். அவங்களுக்குள்ள அன்பு இருந்துச்சு, பேச்சு இருந்துச்சு. உலகம் வர்றதுக்கு முன்னாடியே."

"அப்ப மூணு கடவுளா?"

"இல்லக்கா. ஒரே கடவுள்."

"போன வருஷம் இதே நாள் பிரசங்கத்துல நீ என்ன சொன்ன? தண்ணி ஐஸாகும், ஆவியாகும், எல்லாம் ஒரே தண்ணிதான், அந்த மாதிரிதான் கடவுளும்னு சொன்னியா இல்லையா?"

தம்பி பேனாவை மூடினான். "அதுவும் தப்புதான்."

"எது?"

"அதே தண்ணி ஒரே நேரத்துல ஐஸாவும் இருந்து ஆவியாவும் இருக்க முடியாதே. அப்படிச் சொன்னா ஒருத்தரே மூணு வேஷம் மாத்தி மாத்திப் போடுற மாதிரி ஆயிடும். வேஷம் போடறவர் வேஷத்தோட எப்படிப் பேசிக்குவார்?"

"அதுக்கு யாரும் முட்டை போடலையே."

"பிரசங்கத்துக்குப் பரீட்சை கிடையாதுக்கா."

"வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. டீயை அவன் முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள்.

"இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருக்கா" என்றான் அவன். குரல் தணிந்திருந்தது. "பேச ஆள் இல்லாம அவர் நம்மள உண்டாக்கல. அவருக்கு எந்தக் குறையும் இல்ல. நிறைஞ்சு இருந்தார். அந்த நிறைவுலதான் உண்டாக்கினார்."

"அப்ப நாம இல்லாட்டியும் அவருக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது."

"குறைஞ்சிருக்காது."

"நம்ம தேவையே இல்ல."

"தேவை இல்ல. ஆனா வேணும்னு நினைச்சார். அதுதான் இதுல அழகே."

அக்காவுக்கு அதில் ஒரு அழகும் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு இருபத்தைந்து. சட்டைக்குப் பொத்தான் தைத்ததிலிருந்து இறையியல் கல்லூரிக்குப் பெட்டி கட்டியது வரை எல்லாம் அவள்தான். தேவைப்படுவதைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. இப்போது கடவுளுக்கும் தேவையில்லை என்றால் என்ன செய்வது?

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "ஒரு நாள்கூட அவர் தனியா இருந்ததில்லைன்னா, தனியா இருக்கறவங்க போய் அவர்கிட்ட அழுதா அவருக்கு என்ன புரியும்?"

தம்பி பேனாவைத் திறந்தான். மூடினான். பதினைந்து வருஷமாகப் பிரசங்கிக்கிறவன். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நேரமாச்சு, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனான். டீயில் பாதி அப்படியே இருந்தது.

அக்கா அந்தப் பாதி டீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஆறுதல். ராத்திரி ஜெபத்தில் 'உமக்குத் தெரியாததா ஆண்டவரே' என்று ஒரு வரி சொல்லுவாள். தன்னைப் போலவே பேச்சுத்துணை இல்லாமல் யுகயுகமாக உட்கார்ந்திருந்த ஒருவர்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லுவாள். இன்று அந்த ஒருவரையும் கடிதம் போட்டு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலே கூட்டமாக, நிறைவாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்களாம். அவளுக்கு அழுகை வந்தது. அடுப்பைத் துடைத்தாள்.

அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதில் ஒரு போர்டு, ஒரு சுழல் நாற்காலி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். இருநூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன்களும் அவளுக்கு மனப்பாடம். வெளியிலிருந்து யாரோ பதறிக்கொண்டு கூப்பிடுவார்கள். "லைன்லயே இருங்க" என்பாள். பிரசவ வார்டோ ரத்த வங்கியோ எடுத்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்பாள். அந்தப் பக்கம் "அலோ", இந்தப் பக்கம் "அலோ". இரண்டு பேரும் பேச ஆரம்பித்த நொடியில் அவள் லைனை விட்டுவிட வேண்டும். மூன்றாவது ஆள் லைனில் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் அது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் அதை மீறியதில்லை. குழந்தை பிறந்ததா, ரத்தம் கிடைத்ததா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

தம்பிக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். தனக்குக் கண்ணாடி மாற்றப் போனவள், எழுத்துகளைப் படிப்பதை விட்டு அந்தப் பெண்ணையே பார்த்துவிட்டு வந்தாள். கல்யாணம் நடந்தது. அதன்பின் போர்டில் செய்வதையே வீட்டிலும் செய்தாள். இருவரையும் சேர்த்து வைத்துவிட்டு லைனை விட்டாள். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் "நான் அப்புறம் சாப்பிடறேன்". அவர்கள் கூடத்தில் இருந்தால் அவளுக்குத் துணி மடிக்கிற வேலை வந்துவிடும். இப்படி ஒன்பது வருஷம்.

ஞாயிறு பள்ளிச் சுவரில் படைப்பைப் பற்றி அவள் வரைந்து மாட்டியிருக்கும் படங்கள் ஏழு. வெளிச்சம், ஆகாயம், மரம், சூரியன், மீன், மனிதர், ஓய்வு. அதற்கும் முன்னால் எட்டாவதாக ஒன்று உண்டு. கறுப்புத் தாள், நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் ரொம்பப் பிடிக்கும். அதை அவள் வரைந்தது எந்த வருஷம் என்று யாரும் கேட்டதில்லை. தம்பிக்குக் கல்யாணமான வருஷம்.

எட்டு மணிக்கு அக்கா தன் அறையில் புடவை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி வந்து கதவருகில் நின்றாள். கையில் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி.

"காலையில நீங்க பேசினது உள்ள கேட்டுச்சு, அண்ணி."

"ஒண்ணும் இல்லம்மா. சபை விஷயம்."

"சபை விஷயம் மட்டும்தானா?"

அக்கா மடிப்பைக் கலைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். "நீ போம்மா, அவனுக்கு அங்கி கொடு. நேரமாகுது."

"பாருங்க, மறுபடியும் அனுப்பறீங்க." தம்பி மனைவி அங்கியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். கடையில் கண் பரிசோதிக்கும்போது பேசுகிற அதே நிதானக் குரலில் கேட்டாள். "எம்மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபமா?"

"நான் வந்து உக்காந்தா நீங்க எழுந்து போறீங்க. ஒன்பது வருஷமா தினமும் மூணு தட்டு எடுத்து வைக்கறேன். ஒரு தட்டு கழுவாமலே அலமாரிக்குத் திரும்பிப் போகுது. ஒரு தட்டு திரும்பிப் போறது சின்ன விஷயம்தான். தினமும் போனா சின்ன விஷயமா?"

மூன்று தட்டு வைத்ததை அக்கா பார்த்ததே இல்லை. அவள் வரும்போது மேஜை துடைத்திருக்கும்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்பீங்க. நடுவுல நான் எதுக்குன்னு நினைச்சேன். ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா மூணாவது ஆள் இருக்கக் கூடாதும்மா. அது முறை இல்ல."

தம்பி மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்க பேசிக்கறோம்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"பின்ன?"

"நீங்க எழுந்து போனதும் அவர் பிரசங்கம் யோசிக்க ஆரம்பிச்சிடுவார். நான் போனை எடுத்துப் பார்ப்பேன். சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஸ்பூன் சத்தம்தான். நீங்க இருந்திருந்தாலாவது யாராச்சும் ஒருத்தர் பேச்சைத் தொடங்கியிருப்போம்."

சொல்லிவிட்டு அங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷமாக லைனை விட்டுவிட்டு வந்தாளே, அதன்பின் இரண்டு பக்கமும் உண்மையிலேயே பேசினார்களா என்று ஒருநாளாவது கேட்டுப் பார்த்ததுண்டா? இல்லை. பேசியிருப்பார்கள் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

ஒரே வீட்டுக்குள் மூன்று பேர் ஒன்பது வருஷமாகத் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள். இதற்கு அவள் பாதுகாத்த அந்த மரியாதைதான் காரணம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஞாயிறு பள்ளி ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற நீள அறையில் நடக்கும். பழைய பெஞ்சுகள், ஒரு கால் குட்டையான மேஜை, அதற்கு முட்டுக் கொடுத்த பாட்டுப் புத்தகம். பதினாறு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மார்க்கு விஷயம் தெரிந்துவிட்டதால் எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். தம்பி வெள்ளை அங்கியோடு வாசல் நிலையில் நின்றார். கையில் கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

"வணக்கம் ஐயா" என்றாள் அக்கா. அவர் தலையசைத்தார்.

அவள் கறுப்புப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஒன்பது வருஷம் மாட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு புதிதாக வெளுத்துத் தெரிந்தது.

"இது தப்பான படம்" என்றாள். "உலகம் உண்டாகுமுன் கடவுள் தனியா இருந்தார்னு நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது சரியில்ல. முட்டை வாங்க வேண்டியது நான். நீங்க நான் சொன்னதைத்தான் எழுதினீங்க."

முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. கேள்விக்காரி. ஒன்பது வயது. வகுப்பே வைத்த பெயர் அது. தாளின் கடைசியில் 'பாவம்' என்று எழுதியது அவள்தான்.

"டீச்சர், அப்ப இன்னும் ரெண்டு புள்ளி வரைஞ்சிட்டா சரியாயிடுமா?"

"மூணு புள்ளி வரைஞ்சா மூணு கடவுள்னு சொல்லி மறுபடியும் முட்டை போடுவாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா படத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"அதை வரைய எனக்குத் தெரியல. ஐயாவுக்கும் தெரியாது, கேட்டுப் பார்த்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். டீச்சர் ஆஸ்பத்திரியில போன் இணைச்சுக் கொடுக்கற வேலை பார்க்கறேன்னு தெரியும்ல? நான் ரெண்டு பேரைச் சேர்த்து வைப்பேன். அவங்க பேச ஆரம்பிச்சதும் நான் வச்சிடணும். மூணாவது ஆள் இருந்தா தொந்தரவு. கடவுள்கிட்ட அப்படி இல்ல. பிதா இருக்கார், குமாரன் இருக்கார், ஆவியானவர் இருக்கார். யாரும் யாருக்கும் தொந்தரவு இல்ல. நான் அப்புறம் வர்றேன்னு ஒருத்தரும் எழுந்து போறதில்ல. எப்பவுமே அப்படித்தான். மூணு பேரும் சேர்ந்துதான் ஒரே கடவுள். ஒரு ஆள் போயிட்டா கடவுளே இல்ல."

வாசலில் தம்பி தாளைக் கீழே இறக்கினார்.

"அப்ப ஏன் டீச்சர் தனியா இருந்தார்னு சொன்னீங்க?" கேள்விக்காரி விடுகிறவள் இல்லை.

அக்கா மேஜையின் குட்டைக் காலைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குச் சொல்லித் தப்பிக்கிற பதில் ஒன்று அவளிடம் தயாராக இருந்தது. 'டீச்சர் சரியாப் படிக்கல' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கையெழுத்தும் கிடைத்துவிடும்.

"தனியா இருந்தது நான்" என்றாள். "அதைக் கொண்டுபோய்க் கடவுள் தலையில கட்டிட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு எப்போது சிரிக்கக் கூடாது என்று எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கேள்விக்காரி கையை இறக்கவே இல்லை. "ஆனா டீச்சர், அவர் எப்பவுமே மூணு பேரா இருந்தா, தனியா இருக்கறவங்களைப் பத்தி அவருக்கு எதுவும் தெரியாதே."

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலை டீயோடு பாதியில் நின்ற கேள்வி. தம்பி ஏதோ சொல்ல ஓரடி உள்ளே வைத்தார். அக்கா முந்திக்கொண்டாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து கழித்த இருபத்தெட்டு வருஷத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"ஒரு நாள் தெரிஞ்சுது" என்றாள். "ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். குமாரன் சிலுவையில தொங்கினார். கூட இருந்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. அப்ப அவர் பிதாவைக் கூப்பிட்டார். ஏன் என்னை விட்டுட்டீங்கன்னு சத்தமாக் கூப்பிட்டார்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் எடுக்கல."

கேள்விக்காரியின் கை மெல்ல இறங்கியது.

"எவ்வளவோ பேர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க. அது எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியும். மூணாம் நாள் பிதா எழுப்பினார், அது உங்களுக்குத் தெரியும். ஆனா அந்த மத்தியானம் நடந்தது நடந்ததுதான். அதனால தனியா இருக்கறவங்க அவர்கிட்ட பேசலாம். அவர் என்னன்னு கேக்க மாட்டார். தெரியும்னு சொல்லுவார்."

மணிக்கூண்டில் முதல் மணி அடித்தது. ஆராதனைக்கு இன்னும் பதினைந்து நிமிஷம். தம்பி உள்ளே வந்து, முட்டுக் கொடுத்த மேஜைமேல் தாளை வைத்து, திருத்தம் செய்யப்பட்டது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் எழுதாமல் இழுத்தது. வகுப்பு அக்காவுக்கே என்று ஆயிற்று.

பிள்ளைகள் வரிசையாக வெளியே போனார்கள். கேள்விக்காரி மட்டும் கடைசியில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் தனியாவா டீச்சர்?"

அக்கா அவளுடைய தலை ரிப்பனைச் சரி செய்து, முதுகைத் தொட்டு அனுப்பி வைத்தாள்.

அன்றைய பிரசங்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐயா ஐஸைத் தொடவில்லை, அதுவரை நல்லது. ஆனால் எழுதி வைத்த தாளை விட்டுவிட்டு நடுவில் இரண்டு முறை நின்றார். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன. அக்கா சமையலறை வாசலில் நின்று அவற்றை எண்ணிப் பார்த்தாள். பிறகு வந்து மூன்றாவது நாற்காலியை இழுத்தாள். ஒன்பது வருஷமாகத் துணி போடுவதற்கும் பை வைப்பதற்கும்தான் அந்த நாற்காலி பயன்பட்டது. உட்கார்ந்ததும் ஒரு பக்கமாக ஆடியது.

தம்பி மனைவி பருப்பை நகர்த்தினாள். தம்பி தண்ணீரை ஊற்றினான். அக்கா சாப்பிடத் தெரியாதவள் போல மெதுவாகச் சாப்பிட்டாள்.

"இன்னைக்குப் பிரசங்கம்" என்று தொடங்கினாள் தம்பி மனைவி.

"வேண்டாம்" என்றான் தம்பி.

அக்கா சிரித்துவிட்டாள். தம்பி மனைவியும் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பழுப்பு நிறக் கவர் ஒன்றை எடுத்தான். மடித்து மடித்து அதன் மூலைகள் தேய்ந்திருந்தன.

"கொஞ்சம் பேசணும்" என்றான்.

அக்காவின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்துகொண்டன. தட்டையும் கையில் எடுத்துவிட்டாள்.

"அண்ணி."

அக்கா நின்றாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"மாற்றல் ஆர்டர்" என்றான் தம்பி. "வந்து பத்து நாளாச்சு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. அடுத்த மாசம் முதல் தேதி போய்ச் சேரணும். இங்கேர்ந்து ஒரு நாள் பயணம். அங்க குருமனையில ஒரே ஒரு படுக்கை அறைதான்."

அக்கா சட்டென்று கணக்குப் போட்டுவிட்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம். ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது. இன்று காலைதான் திரும்பக் கிடைத்த வகுப்பு இங்கே இருக்கிறது. பதினாறு பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.

"அதுக்கென்ன, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "நான் ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் பார்த்துக்கறேன். எனக்கென்ன, வேலை இருக்கு, கிளாஸ் இருக்கு. நீங்க ரெண்டு பேரும்..."

"பார்த்தீங்களா, ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் தம்பி மனைவி கணவனிடம்.

தம்பி கவரின் தேய்ந்த மூலையைத் தடவிக்கொண்டே இருந்தான். காலையில் நாலு தாள் கசக்கியவன், பீடத்தில் இரண்டு முறை நின்றவன், இப்போதும் சற்றுத் தடுமாறித்தான் பேசினான்.

"சமைக்க இவ இருக்கா. துணி துவைக்க மெஷின் இருக்கு. எனக்கும் நாப்பத்தொண்ணு ஆச்சு, பொத்தான் தச்சுக்கத் தெரியும். உன் தேவை ஒண்ணும் இல்லக்கா அங்க."

அக்கா தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான்.

"தேவை இல்ல" என்றான் தம்பி. "வேணும். அவ்வளவுதான்."

காலையில் அடுப்படியில் கேட்ட அதே இரண்டு வார்த்தைகள். அப்போது அவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். வகுப்பை விட்டுவிட்டு ஒரே அறை உள்ள வீட்டுக்கு மூன்றாவது ஆளாகப் போவதா, வகுப்பை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் தனியாக இருப்பதா? இதற்கு உடனே பதில் சொல்ல அவளால் முடியாது. போர்டில் என்றால் இந்த இடத்தில் அவள் வைத்துவிட்டிருப்பாள்.

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். வாய் திறந்தபோது, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அன்னியர்களிடம் சொல்கிற வார்த்தைதான் வந்தது.

"கொஞ்சம்... லைன்லயே இருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. தம்பி மனைவி அக்காவின் தட்டைத் திரும்ப அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இருக்கோம், அண்ணி" என்றாள்.